டெல்டா செய்தியைத் தப்பில்லாமல் எழுதுவது எப்படி: தாலுகா நிருபர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்து விழும் செய்திக் குறிப்புகளைத் திருத்தி, தலைப்பு வைத்துப் பக்கத்துக்கு அனுப்புவதுதான் பல வருடமாக என் வேலை. புதிதாகச் சேரும் நிருபர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வேலையை வரிசை மாற்றிச் செய்கிறார்கள். முதலில் ஒரு தலைப்பை மனதில் போட்டுக்கொண்டு, அதற்குத் தோதான எண்ணையும் ஆளையும் தேடுகிறார்கள்.

இங்கே சொல்லும் வரிசை வேறு: இடம், அளவு, சொன்னவர், வினைச்சொல், கடைசியில் தலைப்பு. உள்ளூர்ப் பக்கத்தை வாசிப்பவர் நீங்கள் எழுதிய அந்த ஆற்றங்கரையில் நேற்று நின்றவராக இருப்பார். ஒரு சொல் பிசகினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை நீங்கள் சரியாக எழுதினாலும் நம்ப மாட்டார்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் தாலுகாவின் வருவாய் கிராமப் பட்டியல் ஒன்று வேண்டும். எந்த ஆறு எங்கே பிரிந்து எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று கையால் வரைந்த படம் ஒன்றும் வேண்டும். அச்சிட்ட வரைபடத்தைவிட நீங்களே வரைந்தது நினைவில் நிற்கும்.

தொலைபேசி எண்களில் வி.ஏ.ஓ., வேளாண் உதவி அலுவலர், நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் கட்டாயம். அதோடு ஒரே ஆற்றில் பாசனம் பெறும் இரண்டு விவசாயிகள் வேண்டும்: ஒருவர் தலைமடைக்காரர் (தண்ணீர் முதலில் வந்து சேரும் பகுதி), இன்னொருவர் கடைமடைக்காரர் (கடைசியில் வந்து சேரும் பகுதி). தண்ணீர் வந்துவிட்டது என்று முன்னவர் சொல்வார், வரவில்லை என்று பின்னவர் சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கும். ஒருவரை மட்டும் கேட்டால் பாதிச் செய்திதான் கிடைக்கும்.

நோட்டின் பின்அட்டையில் மாறாத எண்களை எழுதி வையுங்கள். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஒரு வேலி 20 மா. ஒரு மா ஏறத்தாழ 33 செண்ட். இரவு 9 மணிக்கு டெஸ்க்கிலிருந்து (செய்தியைத் திருத்தும் பிரிவு) கூப்பிட்டுக் கேட்கும்போது இவற்றைத் தேட நேரம் இருக்காது.

2. முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள்

இடம் தப்பானால் கீழே எழுதிய எல்லாமே தப்பு. அதனால்தான் இது முதல் படி.

வெண்ணாறும் வெட்டாறும் வேறு வேறு ஆறுகள். போனில் "வெண்ணாத்துல", "வெட்டாத்துல" என்று கேட்டால் காதுக்கு ஒன்றாகவே இருக்கும், மழை இரைச்சலில் கேட்கவே வேண்டாம். ஆற்றின் பெயரை மட்டும் கேட்காமல், பக்கத்தில் எந்தப் பாலம், எந்த ஊர் என்று கேளுங்கள். வடவாறு என்ற பெயரில் இரண்டு உண்டு. தென்பெரம்பூரில் பிரிந்து தஞ்சாவூர் பக்கம் ஓடுவது ஒன்று, கீழணையிலிருந்து வீராணம் ஏரிக்குப் போவது இன்னொன்று. "வடவாற்றில் தண்ணீர் திறப்பு" என்று மட்டும் எழுதினால் இரண்டு பகுதி விவசாயிகளும் தங்களுக்குத்தான் என்று நினைப்பார்கள்.

பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டத்திலும் இருக்கிறது, திருநெல்வேலி மாவட்டத்திலும் இருக்கிறது. அணை இருப்பது நெல்லைப் பக்கம். ஆடுதுறை வேறு, மயிலாடுதுறை வேறு.

இன்னொரு தப்பு, பழைய செய்தியிலிருந்து வரியை வெட்டி ஒட்டுவதால் வருவது. மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. இன்னமும் "நாகை மாவட்டம் சீர்காழி" என்று குறிப்பு வருகிறது. ஊர், தாலுகா, மாவட்டம் மூன்றையும் முதல் பத்தியிலேயே சேர்த்து எழுதும் பழக்கம் இருந்தால் இது தானாகவே கண்ணில் படும்.

3. எண்ணுக்கு முன்னால் அளவு

தண்ணீரில் தொடங்குவோம். நீர்மட்டம் அடியில், நீர் இருப்பு டி.எம்.சி.யில், நீர்வரத்தும் திறப்பும் வினாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில். "10 ஆயிரம் கன அடி தண்ணீர் திறப்பு" என்று வரும் குறிப்பில் "வினாடிக்கு" என்ற சொல்லைச் சேர்ப்பதே என் தினசரி வேலைகளில் ஒன்று. அந்தச் சொல் இல்லாவிட்டால் அது ஒரு சின்னக் குட்டை நிரம்பும் அளவுத் தண்ணீர்தான்.

சரிபார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. ஆகும். ஒரே நாளில் 2 டி.எம்.சி. திறந்ததாக ஒருவர் சொன்னால், திறப்பு 23 ஆயிரம் கன அடியைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள்.

நீர்மட்டத்தையும் இருப்பையும் ஒன்றாக்காதீர்கள். மேட்டூரில் 120 அடி 100 அடியாகக் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு குறைந்ததாகத் தோன்றும். ஆனால் 100 அடியில் இருப்பது சுமார் 65 டி.எம்.சி.தான். அணை மேலே விரிந்தும் கீழே குறுகியும் இருப்பதால், மேல் அடிகளில்தான் தண்ணீர் அதிகம். "நீர்மட்டம் பாதியானது, தண்ணீரும் பாதி" என்று எழுதுவது பெரிய பிழை.

அடுத்தது மழை. மாவட்ட நிர்வாகம் தரும் பட்டியலில் ஒவ்வொரு மழைமானி நிலையத்தின் அளவும் வரிசையாக இருக்கும், கீழே மொத்தம், அதற்கும் கீழே சராசரி. புதியவர்கள் மொத்தத்தை எடுத்து "மாவட்டத்தில் 412 மி.மீ. மழை" என்று எழுதிவிடுகிறார்கள். அது பத்துப் பன்னிரண்டு ஊர்களில் பெய்த மழையைக் கூட்டிய எண், எந்த ஊரிலும் பெய்யாத மழை. அதிகபட்சம் எந்த ஊரில், எத்தனை மி.மீ., மாவட்டச் சராசரி எவ்வளவு: இவ்வளவு போதும்.

கனமழை என்ற சொல்லுக்கும் அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால்தான் வானிலை ஆய்வு மையக் கணக்கில் கனமழை. அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. 30 மி.மீ. பெய்ததைக் கனமழை என்று எழுதிப் பழகினால், நிஜமாகவே அதி கனமழை வரும்போது எழுத உங்களிடம் சொல் மிச்சமிருக்காது.

பரப்பளவில் ஒரே எச்சரிக்கை: வேளாண் துறை ஹெக்டேரில் சொல்லும், விவசாயி ஏக்கரிலோ மாவிலோ சொல்வார். 40 ஆயிரம் ஹெக்டேரை 40 ஆயிரம் ஏக்கர் என்று எழுதினால் பாதிக்கும் மேல் நிலம் காணாமல் போகிறது. மூட்டையும் அப்படித்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. வியாபாரியிடம் போடும் மூட்டை வேறு எடை. விலை எழுதும்போது குவிண்டாலுக்கு மாற்றி எழுதுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

4. யார் சொன்னது, எந்த நிலையில் சொன்னது

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் சொன்னவரை எழுதுங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னது ஒரு புகார். அதற்குக் கலெக்டர் சொன்னது பதில். இரண்டையும் கலந்து "என்பது தெரிய வந்துள்ளது" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். யாருக்குத் தெரிய வந்தது, எப்படித் தெரிந்தது என்று அந்த வாக்கியம் சொல்வதே இல்லை.

இதில் அதிகச் சேதம் செய்வது நெல் ஈரப்பதச் செய்தி. வழக்கமான வரம்பு 17 சதவீதம். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் 22 சதவீதம் வரை எடுக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்பார்கள். அது கோரிக்கை. மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதும், அது பரிந்துரை. மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், அது ஆய்வு. உத்தரவு வந்தால்தான் அனுமதி. நான்கும் நான்கு படிகள்.

ஆய்வு நடந்த அன்றே "22 சதவீத ஈரப்பத நெல் கொள்முதல்" என்று ஒரு தலைப்பு போனது எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஈரநெல்லோடு டிராக்டர்கள் கொள்முதல் நிலைய வாசலில் நின்றன. ஊழியர் எடுக்க மறுத்தார். கொட்டிய நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஒரு பெரியவர் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல போட்டுருக்கே தம்பி" என்று ஊழியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "கொள்முதல்" என்ற சொல்லுக்குப் பின்னால் "ஆய்வு" என்ற ஒரு சொல் விடுபட்டதுதான் நடந்தது.

5. வினைச்சொல்லைக் களத்தில் போய் முடிவு செய்யுங்கள்

இடம், அளவு, சொன்னவர் மூன்றும் கிடைத்த பிறகு, என்ன நடந்தது என்று சொல்லும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை மேஜையில் உட்கார்ந்து செய்ய முடியாது.

ஆற்றங்கரையைப் பாருங்கள். கசிவு, மண் சரிவு, வழிதல், உடைப்பு: நான்கும் வேறு. கரையின் வெளிப்புற அடியில் ஈரம் ஊறினால் கசிவு. கரைக்கு மேலே தண்ணீர் போனால் வழிதல். கரையே அறுந்து தண்ணீர் பாய்ந்தால்தான் உடைப்பு. கொள்ளிடக் கரையில் இரவில் "உடைப்பு" என்று செய்தி போனால் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் வந்தது என்பதிலும் மூன்று நிலை இருக்கிறது. ஆற்றுக்கு வந்தது, வாய்க்காலுக்கு வந்தது, வயலுக்கு வந்தது. "கடைமடை வரை தண்ணீர் போய்விட்டது" என்று அதிகாரி சொல்வது பெரும்பாலும் ஆற்றைப் பற்றி. பேராவூரணி பக்கத்திலோ தலைஞாயிறு பக்கத்திலோ இருக்கும் விவசாயி கேட்பது தன் வயல் மடையைப் பற்றி. எந்த இடத்தில் நின்று பார்த்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள்.

பயிர்ச் சேதத்துக்கு விவசாயிகளிடமே நல்ல சொற்கள் இருக்கின்றன. தண்ணீர் சூழ்ந்தது என்றால் நுனி வெளியே தெரிகிறது. மூழ்கியது என்றால் தெரியவில்லை. சாய்ந்தது, கதிரிலேயே முளைத்தது, அழுகியது என்று ஒவ்வொன்றுக்கும் தனி அர்த்தம். "நாசம்" என்ற சொல்லை நான் ஏறத்தாழ விட்டேவிட்டேன். அரசு நிவாரணத்துக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர்ச் சேதம் இருக்க வேண்டும் என்பது விதி. கணக்கெடுப்பு நடக்கும் முன்பே எல்லாம் நாசம் என்று எழுதி, கணக்கெடுப்பில் குறைவாக வந்தால், உண்மையிலேயே இழந்தவரின் பேச்சும் எடுபடாமல் போகிறது. பயிரின் வயது, எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது, வடிகிறதா என்ற மூன்றையும் எழுதினால் போதும், படிப்பவர் புரிந்துகொள்வார்.

விவசாயி, குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளி என்ற மூன்றையும் கலக்காதீர்கள். நடவு நடும்போது இடி தாக்கி இறந்த பெண்ணை "விவசாயி" என்று எழுதினால் நிலத்துக்கான சிட்டா எங்கே என்று கேட்பார்கள். அவருக்கு நிலம் இருந்திருக்காது.

போராட்டச் செய்தியில் ஆர்ப்பாட்டம், மறியல், முற்றுகை, உண்ணாவிரதம், காத்திருப்புப் போராட்டம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுகிறார்கள். சாலை ஓரம் நின்று கோஷம் போட்டால் ஆர்ப்பாட்டம். வண்டிகளை நிறுத்தினால் மறியல். மறியலுக்கு வழக்குப் போடுவார்கள். சும்மா நின்றுவிட்டுப் போனவர்கள் மேல் உங்கள் செய்தியால் சுமை ஏறக் கூடாது.

மோதல் என்ற சொல்லும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஒரு கூட்டம் இன்னொரு தெருவுக்குள் புகுந்து அடித்திருந்தால் அது தாக்குதல். "இரு தரப்பினர் மோதல்" என்று எழுதுவது பொதுவாக இருப்பதுபோல் தோன்றும். அடி வாங்கியவரையும் அடித்தவரோடு சேர்த்து நிறுத்திவிடும். யார் எங்கே போனார்கள், காயம்பட்டவர்கள் யார் என்று பார்த்த பிறகுதான் சொல்லை முடிவு செய்ய வேண்டும்.

நாகை மீனவர் கைதுச் செய்திக்கு ஒரு வரி. "எல்லை தாண்டிய மீனவர்கள் கைது" என்று எழுதினால் இலங்கைக் கடற்படையின் குற்றச்சாட்டை நீங்களே ஏற்றுக்கொண்டு எழுதியதாகிறது. "எல்லை தாண்டியதாகக் கூறிக் கைது" என்று எழுதுங்கள். விசைப்படகா நாட்டுப்படகா என்பதையும் விடாதீர்கள்.

6. குற்றமும் மரணமும்

கைதானவர் குற்றவாளி இல்லை. தீர்ப்பு வரும் வரை குற்றம் சாட்டப்பட்டவர்தான். போலீஸ் சொன்னதைப் போலீஸ் சொன்னதாகவே எழுதுங்கள்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, தெரு எதுவும் வரக் கூடாது. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. புதியவர்கள் பெயரை விட்டுவிடுகிறார்கள், ஆனால் "அதே தெருவில் பெட்டிக்கடை வைத்திருப்பவரின் மகள்" என்று எழுதிவிடுகிறார்கள். 200 வீடுள்ள கிராமத்தில் அது பெயரைப் போட்டதற்குச் சமம். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராக இருந்தால் அவர் பெயரும் குழந்தையைக் காட்டிக்கொடுக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

தற்கொலைச் செய்திக்குப் பத்திரிகை கவுன்சில் 2019ல் வெளியிட்ட வழிமுறைகள் இருக்கின்றன. எப்படி இறந்தார் என்ற விவரமும், மருந்தின் பெயரும் வேண்டாம். தலைப்பில் பெரிதாகப் போட வேண்டாம். "பயிர் கருகியதால்" என்று ஒரே காரணத்தை நீங்களே முடிவு செய்யாதீர்கள். அதற்காகக் கடனையும் கருகிய பயிரையும் மறைக்கவும் வேண்டாம். குடும்பத்தினர் சொன்னதை அவர்கள் சொன்னதாகத் தனியே எழுதுங்கள்.

"பலி" என்ற சொல் இரண்டே எழுத்து என்பதால் தலைப்பில் வசதியாக இருக்கிறது. இறந்தவரின் வீட்டிலும் அந்தப் பேப்பர் போகும். "உயிரிழப்பு" என்று போட இடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

7. தலைப்பு கடைசியில்தான்

செய்தியை முழுதாக எழுதி முடித்துவிட்டு, அதிலுள்ள ஒரு வாக்கியத்தைச் சுருக்கித் தலைப்பாக்குங்கள். அப்படிச் சுருக்க முடியாத தலைப்பு செய்தியில் இல்லாததைச் சொல்கிறது என்று அர்த்தம்.

தமிழில் தலைப்பு கவிழ்வது பெரும்பாலும் வேற்றுமை உருபில்தான். "ஆசிரியரைத் தாக்கிய மாணவர்" என்றால் அடித்தது மாணவர். இடம் போதவில்லை என்று "ஐ"யை எடுத்து "ஆசிரியர் தாக்கிய மாணவர்" என்று போட்டால் அடித்தது ஆசிரியர். ஒரு உருபு போனதும் அடித்தவர் மாறிவிட்டார். சொல்லைக் குறையுங்கள், உருபைக் குறைக்காதீர்கள்.

விபத்திலும் இதே கவனம் வேண்டும். "லாரி, பைக் மோதி" என்றால் எது எதன் மேல் மோதியது என்று தெரியாது. "நின்ற லாரி மீது பைக் மோதி" என்று முழுதாகச் சொல்லுங்கள். வழக்கே அதில்தான் இருக்கிறது.

கேள்விக்குறி போட்டால் பொறுப்பு போய்விடாது. "கொள்முதல் நிலையத்தில் முறைகேடு?" என்று படிப்பவர் முறைகேடு நடந்ததாகவே எடுத்துக்கொள்வார். புகார் இருந்தால் "முறைகேடு புகார்" என்று போடுங்கள், புகார் கொடுத்தது யார் என்று செய்தியில் சொல்லுங்கள்.

ஒரு குறிப்பைத் திருத்திய விதத்தைக் காட்டுகிறேன். திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு இளம் நிருபர் அனுப்பியது: "விடிய விடிய கொட்டித் தீர்த்த கனமழை, 500 ஏக்கர் சம்பா நாசம், விவசாயிகள் கண்ணீர்."

மழை எவ்வளவு என்று கேட்டேன். 48 மி.மீ. சரி, கனமழை இல்லை. 500 ஏக்கர் யார் சொன்னது? சங்கத் தலைவர், போனில். நீங்கள் வயலைப் பார்த்தீர்களா? ரோட்டிலிருந்து பார்த்தேன் என்றார். இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். நட்டு இருபது நாள் ஆன பயிர், நுனி தெரிகிறது, மூன்று நாளாகத் தண்ணீர் நிற்கிறது. வடியாததற்குக் காரணம் வடிகாலில் அடைத்து நிற்கும் ஆகாயத்தாமரை. மண்வெட்டியோடு நின்ற ஒருவர், தூர்வாரியே பல வருடமாச்சு என்றாராம்.

தலைப்பு இப்படிப் போனது: "வடிகாலில் ஆகாயத்தாமரை: 3 நாளாக வடியாத தண்ணீரில் சம்பா பயிர்." ஏக்கர் கணக்கு செய்தியில் சங்கத் தலைவர் சொன்னதாக இருந்தது. மறுநாள் உதவிப் பொறியாளர் நிருபரைக் கூப்பிட்டு, அது எந்த வடிகால் என்று கேட்டார். முதல் தலைப்பு போயிருந்தால் கேட்பதற்கு அதில் எதுவுமே இல்லை.

டெஸ்க்குக்கு அனுப்பும்போது நீளமாக ஒன்று, பக்கத்தின் ஒரு காலம் (column) அகலத்துக்குள் அடங்கும்படி சின்னதாக ஒன்று என இரண்டு தலைப்பு அனுப்புங்கள். ஒன்றே அனுப்பினால், இடம் குறையும்போது களத்தைப் பார்க்காத ஒருவர்தான் அதை வெட்டுவார். அப்போதுதான் "ஐ" போகிறது.

8. அனுப்பும் முன்பும் அச்சான பின்பும்

எழுத்துப்பிழையில் எங்கள் பக்கத்துக்கே உரியவை சில உண்டு. குறுவைக்கு வல்லின று, "குருவை" இல்லை. தாளடியிலும் கொள்ளிடத்திலும் ள. ஆற்றுக்குக் கரை, துணிக்குக் கறை. வாய்விட்டு ஒருமுறை படித்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். பெயர்களையும் எண்களையும் மட்டும் தனியாக, கீழிருந்து மேலாகப் பாருங்கள். கதையோட்டத்தில் படித்தால் கண் தாண்டிப் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகும் பிழை வரும். வந்தால் அதே பக்கத்தில், எது தப்பாக வந்தது, சரியானது எது என்று இரண்டையும் சொல்லித் திருத்தம் போடச் சொல்லுங்கள். "சில தவறுகள் நேர்ந்துவிட்டன" என்று மொட்டையாகப் போட்டால் எதை மாற்றிக்கொள்வது என்று படித்தவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குழுக்களில் பழைய வெட்டுப்படம் சுற்றிக்கொண்டிருக்கும், அங்கேயும் திருத்தத்தைப் போடுங்கள்.

அப்புறம், அந்தச் செய்தியால் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் படியில் சறுக்கியது, இடமா, அளவா, சொன்னவரா, சொல்லா, என்று அன்றைக்கே நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.